குளவி, யாளி, காட்ஸில்லா

1948 ஜூலை 25 அன்று காரைக்குடியில் நேரு ஓர் அடிக்கல் நாட்டினார். ஊர்க்காரர்கள் இன்று ‘சிக்ரி’ என்று சுருக்கமாகச் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கான கல் அது. அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அழகப்ப செட்டியார். அதே ஆண்டில் காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பன் ‘வேதாள உலகம்’ என்ற படத்தை வெளியிட்டார். போர்க்காலத்து நெருக்கடியால் சென்னையில் ஸ்டுடியோ வைக்க முடியாமல், தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஏவி.எம். நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர். ஊரும் ஒன்று, ஆண்டும் ஒன்று. ஒருவர் ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்தார், இன்னொருவர் வேதாளத்தைத் திரையில் ஏற்றினார்.

பூதப் படங்களை அறிவியலுக்கு ஆகாத சரக்கு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. ‘ராட்சத எறும்பாம், கதிர்வீச்சாம்’ என்று சிரித்துவிட்டுப் போவார்கள். சிரிக்க வேண்டிய இடங்கள் நிறையவே இருக்கின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் எழுபது, தொண்ணூறு ஆண்டுகளாக ரசிகர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பூதங்களை எடுத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். அவற்றில் பெரிய பொய் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதைச் சுற்றியுள்ளதெல்லாம் இயற்கையைக் கூர்ந்து பார்த்து எடுத்தது. செட்டிநாட்டில் இருந்துகொண்டு இதை விளக்குவது சுலபம். தேவையான சாட்சிகள் வீட்டு நிலையிலும் கோயில் தூணிலும் கண்மாயிலும் இருக்கின்றன.

முதலில் அந்தப் பெரிய பொய்யைப் பார்த்துவிடுவோம். அது அளவைப் பற்றியது.

ஒரு செட்டிநாட்டு வீட்டின் வளவை நினைத்துக்கொள்ளுங்கள். முற்றத்தைச் சுற்றிப் பர்மா தேக்குத் தூண்கள், மேலே கூரை. இதை அப்படியே நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரண்டு மடங்காக்கினால் என்ன ஆகும்? மரமும் ஓடும் எட்டு மடங்கு எடையாகிவிடும். தூணின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்குதான் கூடும். ஆக, தூணின் ஒவ்வொரு சதுர அங்குலமும் முன்பைவிட இரண்டு மடங்கு பாரம் தாங்க வேண்டும். பத்து மடங்காக்கினால் பாரமும் பத்து மடங்கு. வீட்டைப் பெரிதாக்கும் ஆசாரி தூணை அதே விகிதத்தில் விடமாட்டார், இன்னும் தடிமனாக்குவார். மானின் கால் குச்சியாகவும் யானையின் கால் உரலாகவும் இருப்பதற்குக் காரணம் இதேதான். கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலிலேயே இதை எலும்புப் படம் போட்டு விளக்கியிருக்கிறார்.

இதை எல்லோருக்கும் புரியும்படி எழுதியவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். பிரிட்டனில் பிறந்து, 1957-இல் இந்தியாவுக்கு வந்து, கல்கத்தாவிலும் புவனேஸ்வரத்திலும் வேலை பார்த்து, 1964-இல் இங்கேயே இறந்த உயிரியல் அறிஞர். 1926-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில், மனிதனைவிடப் பத்து மடங்கு உயரமான கதை ராட்சதர்களைக் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறார். அவர்களுடைய எடை ஆயிரம் மடங்கு, எலும்பின் பரப்பு நூறு மடங்கு. மனிதத் தொடை எலும்போ, உடல் எடையைப் போலச் சுமார் பத்து மடங்கு பாரம் ஏறினால் முறிந்துவிடும். ஆக ராட்சதன் ஓர் அடி எடுத்து வைத்தாலே தொடை எலும்பு போய்விடும். பூதம் ஊரை அழிக்க வருவதற்குள் அதற்கு மாவுக்கட்டுப் போட வேண்டியிருக்கும்.

1954-இல் வந்த ‘தெம்!’ படத்தில், நியூ மெக்சிகோ பாலைவனத்து எறும்புகள் அணுகுண்டுச் சோதனையின் கதிர்வீச்சால் கார் அளவுக்கு வளர்கின்றன. எறும்பு தன் எடையைப் போலப் பல மடங்கு தூக்கும் என்று பள்ளியிலேயே படித்திருப்போம். அது அப்படித் தூக்குவதே சின்னதாக இருப்பதால்தான். நீளத்தை நூறு மடங்காக்கினால் எடை பத்து லட்சம் மடங்காகும், தசையின் பலம் பத்தாயிரம் மடங்குதான் கூடும். பிறகு அது எதையும் தூக்க வேண்டாம், தன்னைத் தானே தூக்கி நிறுத்தினால் போதும் என்றாகிவிடும். மூச்சும் முட்டும். பூச்சிகளுக்கு நுரையீரல் கிடையாது. உடம்பெங்கும் ஓடும் நுண்குழாய்கள் வழியாகக் காற்று திசுக்களுக்கு நேராகப் போகிறது. குழாய் நீண்டால் ஆக்சிஜன் உள்ளே போய்ச் சேராது. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டடிக்கு மேல் சிறககலம் கொண்ட மெகாநியூரா என்ற தட்டான்பூச்சி இனம் பறந்தது. அப்போது காற்றில் ஆக்சிஜன் இன்றைக்கு இருப்பதைவிட அதிகம், அதனால்தான் அந்த உடம்பு சாத்தியமாயிற்று என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. அந்தக் காலத்திலும் கார் அளவுக்கு எந்தப் பூச்சியும் வளரவில்லை.

பெரிய பொய் இதுதான். இனி அதைச் சுற்றியிருக்கும் உண்மைக்கு வருவோம்.

1954 மார்ச் 1 அன்று அமெரிக்கா பிகினி பவளத்தீவில் 15 மெகாடன் ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பலமாக வெடித்த குண்டு அது. ‘ஐந்தாம் எண் லக்கி டிராகன்’ என்ற ஜப்பானியச் சூரைமீன் படகில் இருந்த 23 பேர் மீதும் வெள்ளைச் சாம்பல் மழையாகக் கொட்டியது. படகின் வானொலிப் பணியாளர் செப்டம்பரில் இறந்தார். நவம்பர் 3 அன்று இஷிரோ ஹோண்டா இயக்கிய முதல் காட்ஸில்லா படம் ஜப்பானில் வெளியானது. படத்தின் தொடக்கமே கடலில் ஒரு வெளிச்சமும், எரிந்து மூழ்கும் ஒரு கப்பலும்தான். அதைப் பார்த்த ஜப்பானியருக்கு எந்தக் கப்பலைச் சொல்கிறார்கள் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. 1956-இல் ஓர் அமெரிக்க நடிகரைச் சேர்த்து, வெட்டி ஒட்டி வெளியிட்ட அமெரிக்கப் பதிப்பில் அந்தக் கசப்பு பெரும்பாலும் காணாமல் போனது. பூதம் மட்டும் மிஞ்சியது.

இந்தப் படத்தில் எனக்குப் பிடித்த விஷயம் கதையில் இல்லை, கேமராவில் இருக்கிறது. 1933-இல் வந்த ‘கிங் காங்’ படத்துக்கு ஒன்றரையடிப் பொம்மைக் குரங்கை இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு பிரேமாகப் படம் பிடித்தார் வில்லிஸ் ஓ’பிரையன். காட்ஸில்லாவின் தந்திரக் காட்சிகளைச் செய்த எய்ஜி சுபுராயாவுக்கும் அந்த வழிதான் ஆசை. ஆனால் அப்படிச் செய்தால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதனால் சுமார் நூறு கிலோ எடையுள்ள ரப்பர் உடைக்குள் ஓர் ஆளை நிறுத்தி, இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் கட்டிய டோக்கியோவை மிதிக்க விட்டார்கள். உள்ளே நிற்பவர் இரண்டு மீட்டர், கதைப்படி காட்ஸில்லா 50 மீட்டர்.

இங்கே இயற்பியல் கணக்கு ஒன்று குறுக்கே வருகிறது. பொம்மைக் கட்டடத்திலிருந்து உடைந்த சுவர் சட்டென்று தரையில் விழுந்துவிடும். உண்மையான கட்டடத்தின் சுவர் அதைவிட 25 மடங்கு உயரத்திலிருந்து விழ வேண்டும். விழும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், அது ஐந்து மடங்கு நேரம் எடுக்கும். நொடிக்கு 24 பிரேம் ஓட வேண்டிய கேமராவை 120 பிரேமில் ஓட்டி, பிறகு சாதாரண வேகத்தில் திரையிட்டால் பொம்மைச் சுவர் நிஜச் சுவரின் கதியில் விழும். சுபுராயாவின் ஆட்கள் கேமராவை வேகமாக ஓட்டியதற்குக் காரணம் இதுதான். கதையில் உடைத்த விதிக்கு ஈடாக, படப்பிடிப்பில் இன்னொரு விதிக்கு அடங்கி நடந்தார்கள். காட்ஸில்லாவின் கால் கனமாகத் தெரிவது அதனால்தான். மலிவான பூதப் படங்களில் பூதம் துள்ளிக் குதிப்பதைப் பார்த்துச் சிரிப்பு வருகிறதென்றால், கேமராக்காரர் இந்தக் கணக்கைப் போடவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். உறுமல் எங்கிருந்து வந்தது தெரியுமா? இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, பிசின் தடவிய தோல் கையுறையால் டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் தளர்ந்த கம்பியை இழுத்து எடுத்த சத்தம் அது.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு, பலருக்குத் தெரியாது. 1952-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களுடன் சேர்ந்து ‘தி ஜங்கிள்’ என்ற படத்தை எடுத்தது. அதில் வரும் பூதங்கள், எப்போதோ அழிந்துபோன, உடம்பெல்லாம் ரோமமுள்ள கம்பளி மாமத யானைகள். நிஜ யானைகளுக்குப் போலி ரோமம் போர்த்திக் கேமரா முன் நடக்க விட்டார்கள். இன்றைக்குப் பார்த்தால் சிரிப்பு வரலாம். ஆனால் அந்த நடையில் குறை சொல்ல முடியாது, நடப்பது யானை. ரோமம் மட்டும்தான் பொய்.

கோயில் தூண்களில் யாளியைச் செதுக்கிய சிற்பிகள் இதே வேலையை எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டார்கள். நகரத்தார் கோயில் மண்டபங்களுக்குப் போகும்போது சாமி கும்பிட்டுவிட்டு ஒரு யாளித் தூணின் முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். சிங்க உடம்பு, யானைத் துதிக்கை, பிதுங்கிய கண். அப்படியொரு விலங்கு எங்கும் இல்லை. ஆனால் துதிக்கையின் மடிப்பு யானையைக் கவனித்துப் பார்த்தவன் செதுக்கியது, பின்னங்காலில் எழும்பி நிற்கும்போது தொடை புடைப்பது ஓடும் விலங்கைப் பார்த்தவன் செதுக்கியது. எடையைத் தாங்குவது கல் தூண் என்பதால் யாளிக்குத் தொடை எலும்புக் கவலையும் கிடையாது! ஸ்தபதி கலிலியோவுக்கே பதில் சொல்லிவிட்டார்.

சரி, பெரிய உடம்பே இயற்கையில் சாத்தியமில்லையா? சாத்தியம்தான், அதற்குத் தகுந்த கட்டுமானம் வேண்டும். கொள்ளிடத்தைத் தாண்டி அரியலூர்ப் பக்கம் போனால் கல்லமேடு என்ற ஊர். அங்கே கிடைத்த எலும்புகளை வைத்து 1980-களின் கடைசியில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியலாளர்கள் ஒரு டைனோசரை விவரித்தார்கள். பிருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டும் இரண்டு மீட்டர். முதலில் ஊனுண்ணி என்று நினைத்தார்கள், பிறகு நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று ஆனது. எடை நூறு டன்னைத் தாண்டும் என்று மதிப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த அளவு சரியென்றால், தரையில் நடந்தவற்றிலேயே மிகப் பெரிய விலங்குகளின் வரிசையில் அது சேரும். இந்த வகை டைனோசர்களுக்குத் தூண் போன்ற நேர்க்கால்கள். பறவைகளுக்கு இருப்பது போல முதுகெலும்பில் காற்றறைகள், அதனால் உடம்பின் அளவுக்கு எடை குறைவு. வாயில் மெல்லாமல் விழுங்கிவிடும், ஆகவே தலையும் சின்னது. வருத்தம் என்னவென்றால் கல்லமேட்டில் எடுத்த எலும்புகள் பாதுகாக்கப்படுவதற்கு முன்பே உதிர்ந்து போயின. படங்களும் விவரிப்பும்தான் எஞ்சின. அதனாலேயே அதன் அளவைப் பற்றிய சர்ச்சை ஓயவில்லை. எந்த ஸ்டுடியோவும் இதை வைத்து ஏன் இன்னும் படம் எடுக்கவில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்.

பயம் என்று வந்தால் நான் டைனோசரைவிடக் குளவிக்குத்தான் பயப்படுவேன். பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீட்டைத் திறந்தால் நிலைப்படியின் மூலையிலும் சட்டங்களுக்குப் பின்னாலும் குளவியின் மண்கூடு இருக்கும். குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று அதைக் கலைக்க விடாத ஆச்சிகள் உண்டு. ‘குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்’ என்றும் சொல்வோம். குரு, சீடன் உறவுக்கு இதை உவமை சொல்லும் வழக்கமும் இருக்கிறது. இந்தக் கவனிப்பில் பாதி சரி. குளவி புழுவைக் கொண்டுவந்து கூட்டுக்குள் வைப்பது உண்மை. கொட்டுவதும் உண்மை. சில நாள் கழித்துக் கூட்டை உடைத்துக்கொண்டு குளவி வெளியே வருவதும் உண்மை. உள்ளே நடந்ததுதான் வேறு. கொட்டியதில் புழு செத்துவிடவில்லை, அசைய முடியாமல் கிடக்கிறது. குளவியின் முட்டையிலிருந்து வரும் குஞ்சு அதை உயிரோடு தின்று வளர்கிறது. செத்த இரை அழுகிவிடும், உயிருள்ள இரை அழுகாது.

இந்தியாவிலும் காணப்படும் மரகதக் குளவி இதைவிட ஒரு படி மேலே போகிறது. பச்சை மின்னும், அழகான பூச்சி. கரப்பான்பூச்சியைப் பிடித்து முதலில் மார்பு நரம்புமுடிச்சில் கொட்டுகிறது. முன்னங்கால்கள் சற்று நேரம் செயலிழக்கின்றன. அந்த இடைவெளியில் இரண்டாவது கொட்டை மூளைக்குள்ளேயே நிதானமாக இறக்குகிறது. கரப்பானுக்கு வாதம் வருவதில்லை. நடக்க முடியும், ஆனால் தானாக நடக்கத் தொடங்கும் விருப்பம் போய்விடும். குளவி அதன் உணர்கொம்புகளைப் பாதியில் கத்தரித்து, கசியும் திரவத்தைக் குடிக்கிறது. பிறகு உணர்கொம்பைக் கயிறாகப் பிடித்து இழுத்தால் கரப்பான் பின்னாலேயே பொந்துக்குள் நடந்து போகிறது. காலில் ஒரு முட்டை இட்டு, பொந்தின் வாயைச் சிறு கற்களால் அடைத்துவிட்டுக் குளவி போய்விடும். மிச்சத்தைக் குஞ்சு பார்த்துக்கொள்ளும்.

1979-இல் வந்த ‘ஏலியன்’ படத்தில் விண்வெளி ஊழியரின் நெஞ்சைப் பிளந்துகொண்டு ஒரு குஞ்சு வெளியே வருகிறதே, அதற்கு மூலம் இந்த ஒட்டுண்ணிக் குளவிகளின் வாழ்க்கைதான். ஒவ்வொரு கட்டமும் உயிரியலில் இருக்கிறது. படம் செய்த ஒரே மாற்றம், புழுவின் இடத்தில் மனிதனை வைத்தது. அந்தப் படத்தை யாரும் சிரித்துக்கொண்டு பார்ப்பதில்லை. டார்வினே 1860-இல் எழுதிய ஒரு கடிதத்தில், கருணையுள்ள கடவுள் இப்படிப்பட்ட குளவிகளை வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று நம்ப முடியவில்லை என்று குமுறியிருக்கிறார். எல்லாம் ஓர் அங்குல அளவில் நடப்பதால் நமக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான்.

கண்மாய்க்கு வருவோம். ‘தெம்!’, காட்ஸில்லா இரண்டும் வந்த அதே 1954-இல்தான் ‘கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்’ படமும் வந்தது. அமேசான் காட்டு நீர்நிலை ஒன்றில் செதிலும் செவுளும் உள்ள மீன்மனிதன். நீரிலிருந்து நிலத்துக்கு ஏறிய உயிர் ஒன்று பாதி வழியில் நின்றுவிட்டால் எப்படியிருக்கும் என்ற கேள்விதான் அதன் கரு. பாதி வழியில் நிற்கும் உயிரைப் பார்க்க அமேசான் போக வேண்டியதில்லை. கோடையில் கண்மாய் வற்றும்போது ஊத்தாவும் கச்சாவும் எடுத்துக்கொண்டு மீன்பிடித் திருவிழாவுக்கு இறங்குபவர்களுக்குப் பனையேறிக் கெண்டையைத் தெரியும். செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு, அதன் வழியாகக் காற்றை நேராகச் சுவாசிக்கும். மேலே வந்து காற்றுக் குடிக்க விடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும் மீன் அது. குட்டை வற்றினால் முள்ளுள்ள செவுள்மூடியை ஊன்றி, வாலை உதறி, ஈரத்தரையில் அடுத்த குட்டையைத் தேடிப் போகும். தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனிப் பணியில் இருந்த டால்டார்ஃப் என்பவர், தண்ணீருக்கு மேல் ஐந்தடி உயரத்தில் பனைமரப் பிளவிலிருந்து இதைத் தன் கையாலேயே எடுத்ததாக எழுதியது லண்டனில் 1797-இல் அச்சானது. மீன் மரம் ஏறுவதில்லை, பறவை கவ்வி வந்து போட்டிருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள்.

கண்மாய்க் கரையில் இரவில் தெரியும் கொள்ளிவாய்ப் பிசாசைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். சேற்றில் மட்கும் தாவரங்களிலிருந்து மீத்தேன் வருகிறது. 1776-இல் வோல்டா இத்தாலிய ஏரி ஒன்றில் சேற்றைக் கிளறிப் பிடித்துக் காட்டிய வாயு அதுதான். அது தானாக எப்படித் தீப்பிடிக்கிறது என்பதில்தான் சிக்கல். காற்றுப் பட்டதும் எரியும் பாஸ்பரஸ் சேர்மங்கள் காரணம் என்பது பழைய விளக்கம், எல்லோரும் அதை ஏற்கவில்லை.

கடைசியாகப் பறவைகள். 2018-இல் வந்த ‘2.0’ படத்தின் பூதம், கைப்பேசிகளாலேயே ஆன ஒரு ராட்சதப் பறவை. கைப்பேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சு பறவைகளைக் கொல்கிறது என்பது கதை. 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாக இருப்பதாகவும், பெருநகரங்களில்தான் குறைந்திருப்பதாகவும் சொன்னது. கோபுர அலைகளைக் குற்றவாளியாக்கும் ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. கூடு வைக்க இடமும், குஞ்சுக்குக் கொடுக்கப் பூச்சியும் இல்லாமல் போவது படமாக்குவதற்குச் சுவையான வில்லன் இல்லையே! சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூருக்குப் பக்கத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது, 1977-இல் அறிவிக்கப்பட்டது. அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகள் பயந்து போகக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. பறவைக்காகப் பழிவாங்க வரும் பூதத்தைவிட இது நன்றாக வேலை செய்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அங்கே வரும் பறவைகளில் பாம்புத்தாராவைக் குறிப்பாகத் தேடிப் பாருங்கள். நீந்தும்போது உடம்பு முழுவதும் நீருக்குள் இருக்கும், பாம்பு போன்ற கழுத்து மட்டும் வெளியே நிற்கும். ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரிப் பூதத்தின் பேர்போன 1934 புகைப்படமும் பார்க்க இப்படியேதான் இருக்கும். அது பொம்மை நீர்மூழ்கியின் மேல் தலையை ஒட்டிச் செய்த ஏமாற்று வேலை என்பது 1994-இல் வெளியானது. 1933-இல் நீண்ட கழுத்துப் பூதம் சாலையைக் கடந்ததைப் பார்த்ததாகச் சொன்ன ஸ்பைசர் என்பவர், அதே ஆண்டு வந்த ‘கிங் காங்’ படத்தை ஏற்கெனவே பார்த்திருந்தார். அந்தப் படத்திலும் ஏரியிலிருந்து ஒரு நீண்ட கழுத்து டைனோசர் எழுந்து வருகிறது. பெரும்பாலும் இயற்கையிலிருந்து பூதம் சினிமாவுக்குப் போகும். இங்கே சினிமாவிலிருந்து ஏரிக்குள் போயிருக்கிறது.

வேட்டங்குடிக்கு நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போவது நல்லது. மழை பொய்த்த ஆண்டில் கண்மாயில் தண்ணீர் இருக்காது, பறவையும் வராது. விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.